விகிதக் கணக்கு: "சின்னப் பங்கு 12 மூடை எண்டால் பெரிய பங்கு 14" – இதை எப்பிடித் திருத்துறது?

வயல்கரை (கண்டாவளை)

எல்லாருக்கும் வணக்கம். நான் எங்கடை ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்திலை பின்னேரங்களிலை தரம் 5, தரம் 6 பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறன். மொத்தம் 17 பேர். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நாலும் நல்லாச் செய்வினம். விகிதம் எண்டு ஒரு வசனக் கணக்கு வந்தால்தான் எல்லாற்றை முகமும் மாறுது.

போன கிழமை குடுத்த கணக்கு இது:

"ஒரு வயலில் விளைந்த நெல் மூடைகளை இரண்டு குடும்பங்கள் 3:5 என்ற விகிதத்தில் பங்கிட்டன. சிறிய பங்கு 12 மூடை. பெரிய பங்கு எத்தனை மூடை?"

9 பேர் 14 எண்டு எழுதியிருந்தினம். "ஏனப்பு 14?" எண்டு ஒரு பொடியனைக் கேட்டன். "3க்கும் 5க்கும் 2 வித்தியாசம் ரீச்சர். அப்ப 12க்கு 14" எண்டான். சொல்லேக்கை அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. 4 பேர் 3ஐயும் 5ஐயும் கூட்டி 8 எடுத்து, 12ஐ 8ஆலை பிரிக்க வெளிக்கிட்டு நடுவிலை நிண்டிட்டினம். ஒரு பிள்ளை வெறுந்தாள். 3 பேர்தான் 20 எண்டு சரியாச் செய்தவை.

அடுத்த நாள் அந்தப் பொடியனைக் கூப்பிட்டு, தாளும் பென்சிலும் இல்லாமல் கேட்டன். "அம்மா 2 சுண்டு அரிசிக்கு 5 சுண்டு தண்ணி விடுறா. 3 சுண்டு அரிசி போட்டால் எவ்வளவு தண்ணி?" கொஞ்ச நேரம் முகட்டைப் பாத்திட்டு "ஏழரை" எண்டான். "2க்கு 5 எண்டால் 1க்கு ரெண்டரை. ரெண்டையும் சேர்த்தால் ஏழரை."

முதல் நாள் மாதிரி வித்தியாசம் பாத்திருந்தால் 6 எண்டெல்லோ சொல்லியிருக்கோணும்? சொல்லேல்லை. இரவு முழுக்க இதுதான் என்ரை மண்டைக்குள்ளை. கணக்கு அவனுக்குள்ளை இருக்கு, கொப்பிக்கு வரேல்லை. நடுவிலை எது மறிக்குது? பயிற்சித் தாளைக் கூட்டிக் குடுத்தால் சரிவரும் எண்டு நான் நினைக்கேல்லை. எப்பிடியான கணக்கு, எந்த ஒழுங்கிலை குடுக்கலாம் எண்டு அனுபவப்பட்டவை சொல்லுங்கோ.

---

பழைய வெண்கட்டி (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

தங்கச்சி, அந்த 14 கண்டாவளையில் மட்டும் பிறந்த விடை அல்ல. அமெரிக்காவின் பேர்க்லியில் இருந்த ரொபேட் கார்ப்ளஸ் என்ற இயற்பியலாளர் 1970களில் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி கொடுத்தார். ஒரு குள்ளர், ஒரு நெட்டையர். குள்ளரின் உயரத்தைச் சட்டைப் பொத்தான்களை அடுக்கி அளந்தால் 4. நெட்டையர் 6. அதே குள்ளரைப் பேப்பர் கிளிப்புகளால் அளந்தால் 6. அப்படியானால் நெட்டையர் எத்தனை கிளிப்? விடை 9. ஆனால் பல பிள்ளைகள் 8 என்றார்கள். "பொத்தானில் 2 கூட, ஆகவே கிளிப்பிலும் 2 கூட." உங்கள் பொடியன் சொன்ன அதே நியாயம்.

இதைக் கவனயீனம் என்று எண்ணக்கூடாது. தரம் 1 முதல் அந்தப் பிள்ளைக்கு நாம் கற்பித்த ஒப்பீடு ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு கூட, எவ்வளவு குறைய. விகிதம் வந்ததும் "எத்தனை மடங்கு" என்று ஒப்பிடச் சொல்கிறோம். ஒப்பிடும் முறை மாறிவிட்டது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

என் வகுப்பில் நான் முதல் நாள் விகிதக் குறியே எழுதமாட்டேன். இரண்டு கதை சொல்வேன். முதலாவது வயது. மகனுக்கு 6, அப்பாவுக்கு 30. வித்தியாசம் 24, மடங்கு 5. ஆறு வருடம் கழித்து மகனுக்கு 12, அப்பாவுக்கு 36. வித்தியாசம் அதே 24. மடங்கு 3 ஆகிவிட்டது. இரண்டாவது உலையில் போடும் அரிசியும் தண்ணீரும். 2க்கு 5, 4க்கு 10, 6க்கு 15. வித்தியாசம் 3, 6, 9 என்று ஏறுகிறது, மடங்கு அசையவில்லை. வயதில் வித்தியாசம் அசையாது, சோற்றில் மடங்கு அசையாது. பிறகு ஒவ்வொரு சம்பவமாகச் சொல்லி "இது வயது மாதிரியா, சோறு மாதிரியா?" என்று கேட்பேன். அந்த நாள் முழுவதும் கணக்குச் செய்வதில்லை, அந்தக் கேள்வி மட்டும்தான்.

14 என்று சொன்ன பிள்ளைக்குப் பிழை என்று சொல்லாதீர்கள். எண்ணைப் பெருப்பித்துக் கேளுங்கள். "சிறிய பங்கு 300 மூடை என்றால் பெரிய பங்கு 302 தானா? 3 மூடையில் 2 கூட, 300 மூடையிலும் 2 தான் கூடவா?" அது நியாயமில்லை என்று பிள்ளையே முதலில் சொல்லும்.

---

வயல்கரை

நன்றி சேர். வயதும் சோறும் நாளைக்கே கேக்கிறன். ஒரு சந்தேகம். 3ஐயும் 5ஐயும் கூட்டி 8 எடுத்த 4 பேரும் மடங்கிலைதான் யோசிச்சிருக்கினம், ஆனால் 12 மொத்தம் எண்டு நினைச்சிட்டினம். அவைக்கு வேறை மருந்து வேணும் எல்லோ?

---

தாச்சியும் கரண்டியும் (மாங்குளம்)

வணக்கம். நான் மேசன் வேலை, மகன் தரம் 6. ரீச்சர்மாருக்கு நடுவிலை நான் கதைக்கலாமோ தெரியேல்லை, ஆனால் இந்த விகிதம் எங்கடை தொழிலிலை ஒவ்வொரு நாளும் வாறது.

கொங்கிறீற்றுக்கு 1:2:4. சீமெந்து ஒண்டு, மணல் ரெண்டு, சல்லி நாலு. மகனைச் சனிக்கிழமையிலை கூட்டிக்கொண்டு போறனான். "சீமெந்து 3 தாச்சி போட்டாச்சு, மணல் எத்தினை?" எண்டு கேட்டால் 6 எண்டு சொல்லுவான், சல்லி 12 எண்டு தானே சொல்லுவான். வரிசை எவ்வளவு முக்கியம் எண்டதும் அங்கைதான் விளங்கினது அவனுக்கு. மணலை 4, சல்லியை 2 எண்டு மாறிப் போட்டால் என்ன நடக்கும் எண்டு கேட்டான். தளம் பலம் காணாது, வெடிக்கும் எண்டன். அண்டைக்குப் பிறகு கொப்பியிலை 1:2:4 எழுதினால் மேலை சீ, ம, ச எண்டு எழுதிப்போட்டுத்தான் தொடங்குவான்.

ஆனால் ஒரு கணக்கு எனக்கு மனதுக்குச் சரிவரேல்லை. அவனுக்கு ஒரு பயிற்சித் தாளிலை வந்தது: "1:2:4 விகிதத்தில் 35 தாச்சி கொங்கிறீற்றுத் தயாரிக்க எத்தனை தாச்சி சீமெந்து தேவை?" விடை 5 எண்டு சரி போட்டுக் கிடக்கு. 1+2+4=7, 35ஐ 7ஆலை பிரிக்க 5. தாளிலை சரி. தளத்திலை அப்பிடி வராது. மணல் சல்லிக்கு இடையிலை இருக்கிற வெளிக்குள்ளை இறங்கும், சீமெந்து மணலுக்கு இடையிலை இறங்கும், தண்ணி விட்டுக் குத்த இன்னும் தணியும். காய்ஞ்ச சாமான் 35 தாச்சி போட்டால் கொங்கிறீற்று 23 தாச்சி அளவிலைதான் வரும். 35 தாச்சி கொங்கிறீற்று வேணுமெண்டால் காய்ஞ்ச சாமான் 54 தாச்சி எடுக்கோணும். நாங்கள் 1.54ஆலை பெருக்கிறது இதுக்குத்தான். அப்ப சீமெந்து 8 தாச்சிக்குக் கிட்ட. 5 தாச்சியை நம்பி வேலை தொடங்கினால் தட்டு நிரம்பாமல் நிக்கும்.

பிள்ளைக்கு இதை எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை. ரீச்சர் பிழை எண்டு சொல்லவும் மனமில்லை.

---

குருமண்காடு (கல்வியியற் கல்லூரி மாணவி, வவுனியா)

அண்ணா, நீங்கள் எழுதினதை நான் என்ரை பாடக்குறிப்புக் கொப்பியிலை எழுதி வைச்சிட்டன். மகனுக்கு அப்பிடியே உள்ளதைச் சொல்லுங்கோ. கேள்வியிலை "35 தாச்சி கொங்கிறீற்று" எண்ட இடத்திலை "மூன்றும் சேர்த்து 35 தாச்சி காய்ந்த பொருட்கள்" எண்டு இருந்திருந்தால் 5 முழுச்சரி. பங்கெல்லாம் கூட்டினால் மொத்தம் வரும் எண்ட நம்பிக்கை எந்தப் பொருளுக்குப் பொருந்தும், எதுக்குப் பொருந்தாது எண்டு பிள்ளை யோசிக்கிறதே பெரிய விசயம். மூடை, காசு, காணி, மாடு கூட்டுப்படும். கலந்தால் தணியிற சாமான் கூட்டுப்படாது.

வயல்கரை அக்கா கேட்ட "12ஐ மொத்தம் எண்டு நினைச்ச" பிள்ளையளுக்கு நான் பெட்டி வரைஞ்சு செய்விக்கிறனான். சிங்கப்பூரிலை 1980களிலை ஆரம்ப வகுப்புப் பாடத்திட்டத்துக்குள்ளை வந்த முறை இது. எங்கடை ஆக்களுக்குப் புதுசில்லை, சாக்கு அடுக்கிற மாதிரித்தான். ஒரு பங்குக்கு ஒரு பெட்டி, எல்லாப் பெட்டியும் ஒரே அளவு.

பட்டியிலை எருமையும் பசுவும் 3:5 எண்டு வைப்பம்.

எருமை □□□
பசு □□□□□

இப்ப ஒரே எண்ணை வைச்சு நாலு கேள்வி கேக்கிறன். எண் 120.

ஒண்டு: எருமையும் பசுவும் சேர்த்து 120. எட்டுப் பெட்டிக்கும் சேர்த்து 120, ஒரு பெட்டி 15. எருமை 45, பசு 75.

ரெண்டு: எருமை 120. மேல் வரிசை மூண்டு பெட்டிக்குத்தான் 120, ஒரு பெட்டி 40. பசு 200.

மூண்டு: பசு 120. கீழ் வரிசை அஞ்சு பெட்டி, ஒரு பெட்டி 24. எருமை 72.

நாலு: எருமையை விடப் பசு 120 கூட. வெளியிலை நீட்டிக்கொண்டு நிக்கிற ரெண்டு பெட்டிக்கு 120, ஒரு பெட்டி 60. எருமை 180, பசு 300.

நாலையும் ஒரே நாளிலை, ஒரே தாளிலை குடுக்கோணும் அக்கா. வேறை வேறை எண் குடுத்தால் பிள்ளை எண்ணைப் பாத்துப் பிரிக்கும். எண் ஒண்டாயே இருந்தால் வசனத்தைப் பாக்கிறதைத் தவிர வேறை வழியில்லை. செய்ய முதல் பிள்ளை ஒரே ஒரு வேலை செய்யோணும்: 120 எந்தப் பெட்டியளுக்குச் சொந்தம் எண்டு ஒரு அடைப்புக் குறி போட்டுக் காட்டோணும். விடை வராட்டிலும் பரவாயில்லை, அந்த அடைப்புச் சரியெண்டால் நான் அரைவாசிப் புள்ளி போடுவன்.

பின்னமும் இதுக்குள்ளையே இருக்கு. எருமை பசுவின்ரை 3/5. ஆனால் பட்டி முழுக்கப் பாத்தால் எருமை 3/8. இதைக் குழப்பிற பிள்ளையள்தான் கூட. படத்தைக் காட்டி "எதோடை ஒப்பிடுறாய்?" எண்டு கேட்டால் போதும்.

---

பரந்தன் சந்தி

எல்லாரும் நல்லா எழுதிறியள். ஆனால் என்ரை மகள் இந்த முறை தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதுறா. முதலாம் வினாத்தாளிலை 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். ஒரு கேள்விக்கு ஒண்டரை நிமிசம். பெட்டி கீறிக்கொண்டிருந்தால் எப்ப முடிக்கிறது? "பங்கைக் கூட்டு, மொத்தத்தைப் பிரி, பெருக்கு" எண்டு ஒரு வாய்பாடு மாதிரிப் பாடமாக்கிவிட்டால் கெதியாச் செய்திடும். பிள்ளை வெட்டுப்புள்ளி தாண்டோணும் எண்டு பெற்றார் படுற பாடு உங்களுக்கும் தெரியும்.

---

பழைய வெண்கட்டி

தம்பி, உங்கள் பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது. எத்தனையோ பெற்றார் என் வீட்டு வாசலில் இதே கேள்வியோடு நின்றிருக்கிறார்கள்.

ஆனால் நீங்கள் சொன்ன அந்த வாய்பாட்டைத்தான் வயல்கரையின் நாலு பிள்ளைகளும் செய்தார்கள். கூட்டினார்கள், 8 வந்தது, பிரித்தார்கள், நின்றுவிட்டார்கள். மேலே குருமண்காடு கொடுத்த நாலு கேள்வியில் உங்கள் வாய்பாடு முதலாவதற்கு மட்டும்தான் பொருந்தும். மற்ற மூன்றிலும் பிழையான விடையைக் கெதியாகத் தரும்.

பெட்டியை என்றைக்கும் கீறத் தேவையில்லை. முதல் இரண்டு கிழமை தாளில் கீறட்டும். பிறகு விரலால் மேசையில் கீறும். பிறகு கண்ணை மூடித் திறந்தாலே படம் நிற்கும். அந்தக் கட்டத்தில் பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம் தாராளம். இன்றைக்கு மகளிடம் நாலாவது கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தரப்பட்ட கேள்வியை. 45 என்று சொன்னால் படம் இன்னும் மனதில் விழவில்லை என்று அர்த்தம்.

---

பரந்தன் சந்தி

கேட்டன் சேர். 45, 75 எண்டுதான் எழுதினவ. கீறச் சொல்லிக் குடுக்கிறன்.

---

முல்லைக்கடல் (முல்லைத்தீவு)

நான் ரீச்சர் இல்லை, ரெண்டு பிள்ளையின்ரை தாய். அவர் கடலுக்குப் போறவர். எங்கடை வீட்டிலை விகிதம் எண்ட சொல்லைப் பாவிக்கிறதில்லை, பங்கு எண்டுதான் சொல்லுறது. எங்கடை பக்கத்து வழக்கம் ஒண்டைக் கணக்காச் சொல்லுறன், இடத்துக்கு இடம் மாறும்.

மீன் வித்த காசு 48,000. எண்ணெய், ஐஸ், மற்றச் செலவு 12,000. அதை முதலிலை கழிக்கிறது. மிச்சம் 36,000. அதிலை படகுக்கும் வலைக்கும் ஒரு பாதி, போன ஆக்களுக்கு ஒரு பாதி. 18,000, 18,000. போனது மூண்டு பேர் எண்டால் ஆளுக்கு 6,000.

இதிலை படகுக்காரரும் தொழிலுக்குப் போன ஆள் எண்டால் அவருக்கு 18,000மும் 6,000மும் சேர்த்து 24,000. அப்ப மூண்டு பேருக்கும் 24,000, 6,000, 6,000. என்ரை மூத்தவன் இதைக் கேட்டிட்டு "அப்ப 4:1:1 அம்மா" எண்டான். எனக்கே அண்டைக்குத்தான் அப்பிடித் தெரிஞ்சது. பிறகு அவன் கேட்ட கேள்விக்கு என்னட்டை மறுமொழி இல்லை. "அப்பா எப்ப அம்மா 4 ஆகிறது?"

வயல்கரை ரீச்சர், இதைப் பிள்ளையளுக்குக் குடுங்கோ. செலவைக் கழிக்காமல் 48,000ஐப் பிரிக்கிற பிள்ளையளும் வரும். கழிக்கோணும் எண்டு கணக்கிலை எழுதத் தேவையில்லை. கடற்கரைப் பிள்ளை ஒண்டு வகுப்பிலை இருந்தால் தானாச் சொல்லும்.

---

குருமண்காடு

அக்கா, இதை வாசிக்க எனக்கு நாங்கள் படிச்ச ஒரு ஆய்வு ஞாபகம் வருது. பிரேசிலிலை ரெசிஃபே எண்ட நகரத்திலை தெருவிலை சாமான் விக்கிற அஞ்சு பிள்ளையளைப் பற்றினது, 1985இலை வந்தது. 9 வயதிலை இருந்து 15 வயது வரைக்கும் உள்ள பிள்ளையள். விக்கிற இடத்திலை வாங்கிற ஆக்கள் மாதிரிப் போய்க் கணக்குக் கேட்டால் 100க்கு 98 சரி. அதே அளவான கணக்கை வசனக் கணக்காத் தாளிலை குடுக்க 74. வெறும் எண்ணாக் குடுக்க 37.

இளநி வித்த ஒரு 12 வயதுப் பிள்ளையிட்டை ஒண்டு 35 எண்டால் பத்து எவ்வளவு எண்டு கேட்டிருக்கினம். 35ஐப் பத்தாலை பெருக்கேல்லை. மூண்டு 105, இன்னொரு மூண்டு 210, இன்னொரு மூண்டு 315, மிச்சம் ஒண்டு சேர 350. வயல்கரை அக்காவின்ரை பொடியனும் இதைத்தான் செய்தவன்: 2க்கு 5, 1க்கு ரெண்டரை, சேர்த்தால் ஏழரை. ரெண்டுபேரும் கட்டுக் கட்டாச் சேர்த்துக்கொண்டு போகினம். அதைப் பிழை எண்டு தட்டாமல் ஒரு அட்டவணையாக் கீறவிட்டால் அது நேரே விகிதத்துக்கு வந்து சேரும்.

அரிசி 2 4 1 3
தண்ணி 5 10 2½ 7½

இதிலை கீழ் வரிசைக்கு எந்தக் காரணம் கொண்டும் "2 கூட்டு" எண்டு சொல்ல ஏலாது எண்டதைப் பிள்ளையே காணும். அக்காவின்ரை கொப்பிக் கணக்கையும் 3, 6, 9, 12 எண்டு மேலையும் 5, 10, 15, 20 எண்டு கீழையும் எழுதவிட்டுப் பாருங்கோ.

---

முத்தையன்கட்டு வாய்க்கால்

நான் கமக்காரன். தண்ணி குறைஞ்ச வருசத்திலை சிறுபோகக் கூட்டத்திலை எத்தினை ஏக்கர் விதைக்கிறது எண்டு முதலே தீர்மானிக்கிறது எல்லாருக்கும் தெரியும். அதை ஒரு கணக்காக்கி என்ரை தங்கச்சியின்ரை பிள்ளையளுக்குக் குடுத்தன்.

"ஒரு வாய்க்காலின் கீழ் 240 ஏக்கர். குளத்தில் இருக்கிற தண்ணீர் 80 ஏக்கருக்குத்தான் காணும். எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் பிரித்தால் 6 ஏக்கர், 3 ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு எவ்வளவு?"

மூண்டுக்கு ஒண்டு. 2 ஏக்கர், 1 ஏக்கர், அரை ஏக்கர். கணக்கை ரெண்டு நிமிசத்திலை செய்து போட்டினம். பிறகு சண்டை. "அரை ஏக்கரை விதைச்சு ஆர் சீவிக்கிறது? எல்லாருக்கும் ஒரே அளவு குடுக்கோணும்" எண்டு சின்னவள். "6 ஏக்கர்காரர் கூட வரி கட்டுறவர், அவருக்குக் கூடத்தான் குடுக்கோணும்" எண்டு பெரியவன். கூட்டத்திலை நாங்கள் கதைக்கிறது முழுக்க இந்த வீட்டு விறாந்தையிலை நடந்தது.

நான் தீர்ப்புச் சொல்லேல்லை. விகிதப்படி பிரிக்கிறதும் சரிசமனாப் பிரிக்கிறதும் ரெண்டும் கணக்குத்தான், எதை எடுக்கிறது எண்டதை ஆக்கள்தான் முடிவெடுக்கிறது எண்டு மட்டும் சொன்னன். சின்னவள் இன்னும் கோவம்.

---

கோப்பாய்க்காரி (இப்ப கிளிநொச்சி)

காணிக் கணக்குக் குடுக்கிறவைக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. யாழ்ப்பாணத்திலை இருந்து வந்த எங்களுக்குப் பரப்பு எண்ட காணி அளவிலைதான் நாக்குப் புரளும். தோட்டக்காணி எண்டால் 16 பரப்பு ஒரு ஏக்கர். வயல் எண்டால் 24 பரப்பு ஒரு ஏக்கர். "1 ஏக்கருக்கும் 12 பரப்புக்கும் உள்ள விகிதம் என்ன?" எண்டு கேட்டால் தோட்டத்திலை 4:3, வயலிலை 2:1. கணக்கிலை எந்தக் காணி எண்டு எழுதாட்டி ரெண்டு விடையும் சரி. அலகு ஒண்டாகாமல் விகிதம் எழுதக்கூடாது எண்டதை இதை வைச்சுத்தான் நான் என்ரை பிள்ளைக்குக் காட்டினனான். 1:12 எண்டு எழுதிக்கொண்டு வந்தவன்.

---

பழைய வெண்கட்டி

இது அருமையான கணக்கு, அம்மா. நான் கற்பித்த காலத்தில் கைக்கு வந்திருந்தால் ஒவ்வொரு வருடமும் கொடுத்திருப்பேன்.

முன்னுக்கு ஓடுகிற பிள்ளைகளுக்காக ஒன்று சேர்க்கிறேன், விகிதம் மாறுகிற கணக்கு. "பட்டியில் எருமை, பசு 3:5. பத்துப் பசுக்களை விற்றபின் 2:3. எருமை எத்தனை?" எருமையை யாரும் விற்கவில்லை. ஆனால் முதல் விகிதத்தில் அது 3 பெட்டி, இரண்டாவதில் 2 பெட்டி. அசையாத எருமைக்குப் பெட்டி எண்ணிக்கை ஏன் மாறியது? பெட்டியின் அளவு மாறிவிட்டது. ஆகவே இரண்டிலும் எருமையை 6 பெட்டியாக்க வேண்டும். 6:10, பிறகு 6:9. குறைந்த ஒரு பெட்டிதான் விற்ற 10 பசு. எருமை 60.

சமவலுப் பின்னம் எதற்காகப் படிக்கிறோம் என்று கேட்கிற பிள்ளைக்கு இந்த ஒரு கணக்கே மறுமொழி. எல்லாப் பிள்ளைக்கும் இதைக் கொடுக்க வேண்டாம். பெட்டி கீறாமலே முதல் நாலு கேள்வியையும் செய்யத் தொடங்கிய பிள்ளைக்கு மட்டும்.

---

வயல்கரை

பதினைஞ்சு நாளுக்குப் பிறகு வாறன். மழையாலை மூண்டு நாள் வகுப்பு நடக்கேல்லை.

முதல் நாள் வயதும் சோறும். "கடையிலை சீனி வாங்கிறது?" "சோறு!" "ரெண்டு பேர் ஒரே வேகத்திலை நடக்கினம், ஒராள் முதலே வெளிக்கிட்டிட்டார்?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பின்னாலை இருந்து ஒரு பிள்ளை "வயது" எண்டுது. அண்டைக்கு ஒருத்தரும் பென்சில் எடுக்கேல்லை.

பிறகு சிரட்டையும் புளியங்கொட்டையும் வைச்சுப் பெட்டிக் கணக்கு. ஒரு சிரட்டை ஒரு பெட்டி. எட்டுச் சிரட்டையை ரெண்டு வரிசையா அடுக்கிப்போட்டு, கொட்டையை எந்தச் சிரட்டையளுக்குள்ளை போடுறது எண்டதை முதலிலை விரலாலை காட்டவேணும். 120 கொட்டை எண்ணக் கஷ்டமா இருந்ததாலை நான் 30 எண்டு மாத்தினன். அது பிழைச்சுப் போச்சு. 30 எருமைக்கும், பசுவுக்கும், வித்தியாசத்துக்கும் பிரிபட்டுது, எட்டுச் சிரட்டைக்குப் பிரிபடேல்லை. ஒரு பிள்ளை அஞ்சு நிமிசம் மிச்சக் கொட்டை ஆறையும் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டுது. 120ஐ ஏன் எடுத்தனீங்கள் எண்டு தங்கச்சி குருமண்காடு, எனக்கு அப்பதான் விளங்கினது. 3க்கும் 5க்கும் 8க்கும் 2க்கும் பிரிபடுற ஆகச் சின்ன எண் அதுதானே.

மூடைக் கணக்கைத் திருப்பிக் குடுத்தன். 17 பேரிலை 13 பேர் 20. ரெண்டு பேர் இன்னும் 14. மற்ற ரெண்டு பேரும் பெட்டியைச் சரியாக் கீறி, அடைப்பையும் சரியாப் போட்டு, பெருக்கலிலை விட்டிட்டினம். அந்த ரெண்டு பேருக்கும் அரைவாசிப் புள்ளி போட்டன். 14 எண்டு எழுதின ரெண்டு பேரோடையும் தனிய இருந்து கதைக்கோணும். 300 மூடைக் கேள்வி அவையிட்டை எடுபடேல்லை, "302 எண்டால் என்ன, அதுவும் கூடத்தானே" எண்டினம்.

நேற்றுப் பிள்ளையளையே கணக்கு எழுதச் சொன்னன். ஒராள் படகுக் கணக்கை மாட்டு வண்டிலாக்கினான். இன்னொராள் எழுதினது கீழை:

"அம்மம்மாவும் நானும் ஒரு சட்டிச் சோறு 2:1 ஆகச் சாப்பிடுவோம். இண்டைக்கு அம்மம்மா பசிக்கேல்லை எண்டு தன்ரை பங்கிலை பாதியை எனக்குப் போட்டா. இப்ப விகிதம் என்ன?"

முதல் நாள் வெறுந்தாள் தந்த பிள்ளை. விடை 1:2 எண்டு தானே எழுதி, பக்கத்திலை மூண்டு பெட்டியும் கீறி, நடுப் பெட்டியிலை இருந்து ஒரு அம்புக்குறியும் போட்டிருக்கு.

---

முல்லைக்கடல்

ரீச்சர், அந்தப் பிள்ளையின்ரை கணக்கை என்ரை ரெண்டு பேருக்கும் குடுத்தன். மூத்தவன் செய்திட்டான். இளையவள் கேக்கிறாள், அம்மம்மாவுக்கு உண்மையாப் பசிக்கேல்லையோ எண்டு.

---

தாச்சியும் கரண்டியும்

ரீச்சர், அந்த 14 எண்டு எழுதின பிள்ளையள் ரெண்டு பேரையும் ஒருநாள் வேலை நடக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வர ஏலுமோ? ஒரு சின்னக் கலவை 1:2:4 படி போடுவம். மற்றது சீமெந்து 10 தாச்சி, மணல் 11, சல்லி 13. வித்தியாசம் அதே 1, அதே 2. காயவிட்டு ரெண்டையும் கையிலை எடுத்துப் பாக்கட்டும். அவ்வளவு சீமெந்து வீணாக்க ஏலாது, அதாலை தாச்சிக்குப் பதிலா ரின்பால் பேணியாலை அளப்பம்.

---

வயல்கரை

வாறம் அண்ணை. சனிக்கிழமை காலமை, மாங்குளம் பஸ்சிலை. அவையின்ரை வீட்டிலை கேட்டிட்டு நேரம் எழுதிறன்.